ஏரி தெரியாத அறை

பெங்களூரில் ஏரியைப் பார்த்த ஓர் ஓட்டல் அறையில் சுகாசினி ஒரு வாரமாகக் குடியிருந்தாள். மனசுக்குள்தான்.

உடம்பு பிள்ளையார்பாளையத்து வீட்டில் குழம்பு தாளித்துக்கொண்டிருக்கும். மனசு மட்டும் அந்த அறையின் சன்னலோரம் போய் நின்றுவிடும். திரையை விலக்கினால் தண்ணீர். தண்ணீர் மேல் பனி. பனிக்குள்ளிருந்து மெல்ல எழும்பும் ஒரு வெள்ளைப் பறவை. எல்லாம் செல்போனில் பார்த்த படங்கள்தான். கடுகு கருகுகிற வாசனை வந்த பிறகுதான் காஞ்சிபுரத்துக்குத் திரும்பி வருவாள்.

சென்னையில் இருக்கும் அக்கா மங்கையர்க்கரசியின் மகளுக்குப் பெங்களூரில் கல்யாணம். அக்கா குடும்பம் அந்த ஏரி ஓட்டலில்தான் தங்குகிறது. நீயும் அங்கேயே வந்துவிடு, ராத்திரியெல்லாம் பேசிக்கொண்டிருக்கலாம் என்று அக்கா ஆசையாகச் சொல்லியிருந்தாள்.

அதில் சிரமமும் இல்லை. கணவன் ராமராஜன் ஊர் ஊராகப் போய்ப் பெரிய கடைகளுக்குப் பட்டுப்புடவை போடுகிறவன். வருஷக்கணக்காக ஒரே ஓட்டல் கம்பெனியில் தங்கித் தங்கி, பாயிண்ட் ஏறி, கோல்டு கார்டு வாங்கியிருந்தான். அந்தக் கம்பெனிக்குப் பெங்களூரில் நாலைந்து ஓட்டல். ஏரி ஓட்டலும் அதில் ஒன்று. சேர்ந்திருந்த பாயிண்டுக்கு எதில் வேண்டுமானாலும் சும்மாவே அறை கிடைக்கும்.

"அந்த ஓட்டல் வேணாம் சுகா" என்றான் ராமராஜன். "அங்க வசதி பத்தாது."

நீச்சல் குளமும் ஏரியும் இருக்கிற ஓட்டலில் வசதி பத்தாதா? அவளுக்குப் புரியவில்லை. மேற்கொண்டு கேட்டால் சிரிப்பானே தவிர பேச மாட்டான். அவன் சுபாவம் அப்படி.

மறுநாள் சாயங்காலம் மொட்டைமாடியில் காய்ந்த துணி எடுக்கப் போனபோது புரிந்துவிட்டது. தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம் அவன் போனில் பேசிக்கொண்டிருந்தான்.

"கீழ பேஸ்மெண்ட்ல அது இருக்குதாங்க? இல்லையா? வண்டியிலயே பாத்துக்கணுமா? அது நமக்குச் சரிப்படாதுங்க."

இன்னொரு நம்பருக்குப் போட்டான். இந்தத் தடவை குரலில் நிம்மதி தெரிந்தது. "ராத்திரி பூரா தொறந்திருக்கும் இல்ல? அப்ப அதையே போட்டுடுங்க."

சுகாசினி துணியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றாள். அவன் குடியை நிறுத்தி இரண்டு வருஷம் ஆகிறது. கோயில் வாசலில் அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்தவன். இப்போது பார் இருக்கிற ஓட்டலாகத் தேடிக்கொண்டிருக்கிறான். அதுவும் அக்கா வீட்டு ஜனம் கண்ணில் படாத இடமாக.

துணியோடு சத்தமில்லாமல் கீழே இறங்கிவிட்டாள். கேட்டு, ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது?

டிரைவர் கந்தன் வண்டி ஓட்ட, கல்யாணத்துக்கு முந்தின நாள் கிளம்பினார்கள். வழியெல்லாம் அவள் கண்ணை மூடிக்கொண்டே வந்தாள். மூடினால் ஏரி வந்தது. முன்பு பறவை வந்த இடத்தில் இப்போது ஒன்றும் வரவில்லை. வெறும் பனிதான்.

அவன் பிடித்திருந்த ஓட்டல் சந்தடியான ஒரு தெருவில் இருந்தது. வரவேற்பில் இருந்த பெண் கார்டைப் பார்த்துவிட்டு, கோல்டு மெம்பருக்கு மேல் மாடியில் பெரிய அறையே தரலாம், கூடுதல் காசு வேண்டாம் என்றாள். ராமராஜன் குனிந்து அவளிடம் ரகசியமாக என்னவோ கேட்டான். அவள் சிரித்துத் தலையாட்டினாள். கடைசியில் கிடைத்தது முதல் மாடியில் ஒரு சின்ன அறை.

சன்னல் திரையை விலக்கினால் பக்கத்துக் கட்டடத்துச் சுவர்.

"கீழ போயிட்டு வந்துடறேன்" என்று போனவன் வெகுநேரம் வரவில்லை. சுகாசினி அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொழுது சாயச் சாய, சுவர் தண்ணீர் மாதிரி நீலமாகிக்கொண்டு வந்தது. கண்ணில் நீர் கோத்திருந்ததால் அலைகூட அடித்தது. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து லிப்டில் இறங்கினாள்.

பேஸ்மெண்டில் கார்கள் வரிசையாக நின்றன. கோடியில் பாதி திறந்த கதவு, உள்ளே விளக்கு, ஆண்களின் சிரிப்புச் சத்தம். அதில் அவன் சிரிப்பும் இருந்தது. கனவில் நடப்பது போலப் போய்க் கதவைத் தள்ளினாள்.

சோப்பு வாசனை அடித்தது.

உள்ளே வரிசையாகக் கட்டில்கள், மேலே மின்விசிறி. கந்தன் குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டிருந்தான். பக்கத்தில் வெள்ளைச் சட்டை போட்ட பெரியவர் ஒருவர் கூச்சத்தோடு நின்றார். அவருக்காக ஒரு கட்டிலில் ராமராஜன் விரிப்பு விரித்துக்கொண்டிருந்தான்.

"வாங்க அண்ணி" என்றான் கந்தன். "டிரைவருங்க படுக்க எடம் இருக்குதான்னு கேட்டுட்டுதான் அண்ணன் எந்த ஊர்லயும் ரூம் போடுவாரு. இன்னிக்கு மேல் மாடி ரூம் வேணாம், அதுக்குப் பதிலா கீழ இன்னொரு கட்டில் குடுங்கன்னு கேட்டு வாங்கினு வந்திருக்காரு."

சுகாசினியின் பார்வை அந்தப் பெரியவர் மேல் போனது. கதவைப் பிடித்துக்கொண்டு, "இவரு யாருங்க?" என்று மட்டும் கேட்டாள்.

ராமராஜன் அவளை வெளியே அழைத்து வந்து குரலைத் தாழ்த்தினான்.

"உங்க அக்கா வீட்டு டிரைவர்மா. அந்த ஏரி ஓட்டல்ல, கல்யாணம் முடியற வரைக்கும் வண்டியிலயே படுத்துக்கச் சொல்லிட்டாங்களாம். நீ அக்காகிட்ட இதச் சொல்லிக்காத, அவங்க மனசு சங்கடப்படும்."