முந்நூற்றுப் பதினோராம் பக்கம்

"அந்த ஒரு பக்கத்தை எடுத்திடுப்பா, மிச்ச எழுநூறையும் நீயே வெச்சுக்கோ" என்றார் சித்தப்பா, பூர்வீகச் சொத்தை விட்டுக்கொடுப்பவர் மாதிரி.

நூலகரின் மேசைமேல் அந்தச் சரித்திர நாவல் கிடந்தது. அதைச் சுற்றி சாயத்தெரு, படகுத்தெரு, பூட்டுத்தெரு மூன்றும் உட்கார்ந்திருந்தன. தெருவுக்கு ஒரு தலைவர். படகுத்தெருத் தலைவர் நாவலாசிரியருக்குச் சொந்தச் சித்தப்பா.

எதிரே, ஸ்டூலில், நாவலாசிரியர். ஒன்பது வருட உழைப்பு அது. மூன்று தெருவும் இருநூறு வருடத்துக்கு முன்னால் எப்படிச் சேர்ந்து வாழ்ந்தன என்கிற கதை.

நூலகத்தின் கருத்தேட்டில் ஒரு வாசகர் 'காவியம்' என்று எழுதியிருந்தார். இன்னொருவர், 'தலைக்கு வைத்துப் படுக்க வாட்டமாக இருக்கிறது' என்றார்.

மற்ற அத்தனை பேரும் 311-ஆம் பக்கத்தைப் பற்றித்தான் எழுதியிருந்தார்கள்.

எல்லாம் பதிப்பாளர் ஆசைப்பட்டுக் கடைசியில் சேர்த்த பெயர் அடைவால் வந்த வினை. எந்தப் பெயர் எந்தப் பக்கத்தில் வருகிறது என்ற பட்டியல். நாவலைப் படிக்க யாருக்கும் நேரமில்லை. பட்டியலில் தன் தெருவைத் தேட எல்லாருக்கும் நேரமிருந்தது.

மூன்று தெருவுக்கும் பொதுவாக இருந்த ஒரே எண் 311.

அப்புறம் கேட்பானேன்.

அந்தப் பக்கத்தில் தங்கள் முன்னோரைக் கோழையாக்கிவிட்டதாகச் சாயத்தெருத் தலைவர் குமுறினார். படித்தவர்கள் சொன்னார்களாம். தனக்குப் படிக்க மனம் வரவில்லையாம். கோழையாக்கப்பட்டது படகுத்தெருதான் என்று சித்தப்பா உடனே மறுத்தார். அவமானத்திலும் பங்குக்கு வருகிறாரே என்று சாயத்தெரு முணுமுணுத்தது.

பூட்டுத்தெருவுக்கு அந்தப் பக்கம் ரொம்பவே பிடித்திருந்தது. அடைவில் தங்களைக் கடைசியில் போட்டதுதான் பிடிக்கவில்லை. அது அகர வரிசை என்று நூலகர் விளக்கினார். அதை வகுத்தது எந்தத் தெரு என்று கேட்டார் பூட்டுத்தெருத் தலைவர்.

ஒப்பந்தம் தட்டச்சாகித் தயாராக இருந்தது. இந்தப் பதிப்பிலோ இனி வரப்போகும் எந்தப் பதிப்பிலோ 311-ஆம் பக்கம் இருக்கக் கூடாது. கையெழுத்துப் போட்டால் புத்தகம் அலமாரியில் இருக்கும். போடாவிட்டால் எடைக்குப் போகும்.

நாவலாசிரியர் அந்தத் தாளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு முறை வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

தலைவர்களும் போட்டார்கள். ஒருவர் பேனா எழுதவில்லை என்று இன்னொருவர் பேனாவை வாங்கிக்கொண்டார்கள். போகும்போது சித்தப்பா நாவலாசிரியரின் முதுகில் தட்டி, என்ன இருந்தாலும் நம்ம ரத்தமில்லையா என்று பெருமைப்பட்டார்.

அவர்கள் படியிறங்கியதும் நூலகர் பிளேடை எடுத்துக்கொண்டு புத்தகத்தைத் திறந்தார்.

304. தாளைப் புரட்டினார். 321.

விரலில் எச்சில் தொட்டு மறுபடி புரட்டினார். நாவலாசிரியரைப் பார்த்தார்.

அவர் விஷயத்தைச் சொன்னார். பைண்டிங்கில் ஒரு பதினாறு பக்கத்தைச் சேர்க்காமலே தைத்துவிட்டார்களாம். ஆயிரம் பிரதியிலும் அது இல்லை. புத்தகம் வந்து ஆறு மாதம் ஆகிறது. ஒரு வாசகரும் கேட்கவில்லை.

அன்று காலையில்தான் பைண்டர் போன் செய்திருந்தார். கோடவுனைச் சுத்தம் செய்தபோது தாள்கட்டுகள் கண்ணில் பட்டனவாம். மன்னிப்புக் கேட்டு, எல்லாப் பிரதியையும் வரவழைத்து, பிரித்து, தன் செலவிலேயே சேர்த்துத் தைத்துத் தருவதாகச் சொல்லியிருந்தார்.

நாவலாசிரியர் அவரைப் போனில் அழைத்தார். தைக்க வேண்டாம் என்றார். இப்போது என்றில்லை, இனி எப்போதுமே வேண்டாம்.

புத்தகங்கள் எல்லாம் பைண்டரின் கையைவிட்டு எப்போதோ போய்விட்டன. அவரிடம் மிஞ்சியிருந்தது அந்தப் பதினாறு பக்கம் மட்டும்.

"சரிங்க சார். ஒண்ணே ஒண்ணு கேக்கலாமா? ஏரிக்கரை உடையுது, மூணு தெருவும் கைகோத்து மறிச்சிக்கிட்டு நிக்குது, அதோட என்கிட்ட இருக்கிற தாள் முடிஞ்சிடுது." பைண்டரின் குரல் தாழ்ந்தது. "அப்புறம் தண்ணி நின்னுச்சா?"