சொல்லாமல் மாற்றிய பெயர்

"இன்னைக்கு சாயங்காலம் வரைக்கும்தான் டைமாம்க்கா! அதுக்குள்ள பணம் கட்டலைன்னா என் கடை வெப்சைட் பேரை வேற எவனாவது எடுத்துக்குவானாம்!"

செருப்பைக் கழற்றக்கூட மறந்து நடு வீடு வரை வந்துவிட்டாள் தங்கை. கையில் செல்போன், கழுத்தில் அளவு டேப், உடுப்பெல்லாம் நூல் துண்டுகள். திரைச்சீலை தைத்து விற்கும் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, அக்கா வீட்டுக்கு ஓடி வந்திருந்தாள்.

அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். "முதல்ல உட்காருடி. எப்படி மூச்சு வாங்குது பாரு."

"உட்கார நேரமில்லக்கா. ஆர்டர்ல முக்கால்வாசி வெப்சைட்லதான் வருது. அந்தப் பேரு போச்சுன்னா நானும் அவரும் பிள்ளைங்களும் நடுத்தெருவுலதான் நிக்கணும். கார்டு நம்பரெல்லாம் அடிச்சிட்டேன், கடைசி பட்டனை அமுக்க வேண்டியதுதான் பாக்கி. எதுக்கும் மாமாவை ஒரு வார்த்தை கேட்டுடலாமேன்னு..."

மீதியை அழுகை விழுங்கிவிட்டது. சத்தம் கேட்டு உள்ளறையிலிருந்து மாமா வந்தார்.

அக்கா புருஷன் வீட்டோடு கம்ப்யூட்டர் வைத்துப் பிழைப்பவர். சொந்தத்தில் யாருடைய போன் மக்கர் செய்தாலும், யாருக்கு பாஸ்வேர்டு மறந்துபோனாலும் அவரிடம்தான் வந்து நிற்பார்கள். அவரும் முகம் சுளிக்காமல் செய்து கொடுப்பார். அந்த விஷயத்தில் குறை சொல்லவே முடியாது.

போனை வாங்கி, வந்திருந்த மெயிலைப் பார்த்தார். முதல் வரியிலேயே முகம் மாறிவிட்டது.

"இது என்ன பேரு? உன் கடைப் பேரு இது இல்லையே?"

"போன மாசம் மாத்திட்டோம் மாமா. கூட்டாளி பிரிஞ்சு போனதும் பழைய பேரு வேணாம்னு அவர் சொன்னாரு. வெப்சைட்டுக்கும் புதுப் பேரே வாங்கியாச்சு."

"எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே?"

"பலகையை மட்டும்தானே மாத்தினோம். விசேஷம்னு ஒண்ணும் வைக்கல, அதான்..."

"இருந்தாலும் சொல்லியிருக்கணும்!"

குரல் உயர்ந்துவிட்டது. தங்கைக்குச் சுருக்கென்றது. மூத்த மாப்பிள்ளைக்கு மரியாதை குறைந்துவிட்டதாக நினைத்துக்கொண்டாரோ? தலை போகிற நேரத்தில் இதெல்லாம் ஒரு குறையா என்று எரிச்சலாகவும் இருந்தது. சண்டை போட நேரமில்லாததால் மன்னிப்புக் கேட்டு வைத்தாள்.

உள்ளறையில் கம்ப்யூட்டர் 'டிங்' என்றது. மாமா திரும்பிப் பார்த்தார். அக்கா எழுந்து போய் அந்தக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"அவ தவிக்கிறா. கட்டணுமா வேணாமா, அதைச் சொல்லுங்க முதல்ல," என்றாள், மடித்து வைத்த துண்டையே உதறி மறுபடியும் மடித்தபடி.

மாமா உட்காரவில்லை. ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தார். "கட்டாதே. ஒரு பைசா கட்டாதே. இது ஏமாத்து மெயில்."

"ஏமாத்தா? என் பேரு, கடை அட்ரஸ் எல்லாம் சரியா இருக்கே மாமா!"

"வெப்சைட்டுக்குப் பேரு வாங்கினவங்க விவரத்தையெல்லாம் அங்கங்கே பொறுக்கி, மொத்தமா ஒரே மெயிலைத் தட்டி விடுறதுதான். உனக்குப் பேரு வித்தவங்களுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. கடைசி வரைக்கும் தள்ளிப் படி."

தள்ளினாள். சிவப்பு எழுத்து மிரட்டல், பெரிய பச்சைப் பட்டன் எல்லாவற்றுக்கும் கீழே, எறும்பு ஊர்ந்தாற்போல் வெளிறிய சாம்பலில் ஒரு வரி கிடந்தது. 'இது பில் அல்ல. எங்கள் விளம்பரச் சேவைக்கான அழைப்பு மட்டுமே.'

"அடப்பாவிங்களா! போன மாசம் வாங்கின பேரு அதுக்குள்ள எப்படிப் போகும்னு எனக்குத் தோணவே இல்லையே!"

தங்கை நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். மாமாவே அந்த மெயிலை அழித்து, போனை அவளிடம் கொடுத்தார். அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

சிரிப்பு அடங்குவதற்குள் மறுபடி எழுந்துவிட்டாள். "ஐயோ, பக்கத்துக் கடை போட்டோக்காரர்! அவருக்கும் இதே மெயில் வந்து காலையிலயே கட்டிட்டாரு மாமா. பொண்டாட்டி ஆஸ்பத்திரியில கிடக்கிறாங்க, அந்த நேரத்துல போய்... நான் சொல்லி, பேங்க்லயும் போலீஸ்லயும் எழுதிக் குடுக்கச் சொல்றேன்."

மாமாவின் நடை நின்றது. "வேணாம்மா. போனது போனதுதான், திரும்பி வராது. அவரை வேற அலைய விடாதே. இருக்கிற கவலை பத்தாதா அந்த மனுஷனுக்கு?"

"ஐயோ பாவம்," என்றாள் அக்கா.

தங்கை யோசித்தாள். அதுவும் சரியாகத்தான் பட்டது. முகம் தெரியாத மனிதருக்காகவும் இப்படிக் கவலைப்படுகிறாரே என்று மாமாவை நினைத்து மனம் நெகிழ்ந்தது. பெயர் மாற்றியதைச் சொல்லாமல் விட்டோமே என்று இப்போது நிஜமாகவே வருந்தினாள்.

"நீ குடுத்து வெச்சவக்கா," என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

அக்கா வாசல் வரை வந்தாள். தங்கை தெருமுனை திரும்பும் வரை கையசைத்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே வந்து கதவைத் தாழிட்டு, கணவன் பக்கம் திரும்பினாள்.

"நாளைக்கு மெயில் அனுப்புறப்போ, லிஸ்ட்லேர்ந்து அவ பழைய பேரை எடுத்த மாதிரி புதுப் பேரையும் எடுத்துடுங்க."