கூட்டு முயற்சி

முன்பெல்லாம் குருவிக்கூடு ஒன்று கண்ணில் பட்டால் யாரிடமும் மூச்சுவிட மாட்டோம். இந்த வருடம் எங்கள் போட்டோ கிளப்பில் போட்டியே கிடையாது, எல்லாம் கூட்டு முயற்சிதான். கூட்டை மறைத்த இலைகளைத் தங்கதுரை வெட்டினான். தாய்க்குருவி மிரண்டு பறந்துவிட்டது. அதே இனக் குருவியின் குரலை எஸ்தர் அக்கா செல்போனில் ஓடவிட்டார். அம்மா வந்துவிட்டதென்று இரண்டு குஞ்சுகளும் சிவந்த வாயைப் பிளந்தன.

“சூப்பர்க்கா, நிறுத்தாதீங்க!” என்று கத்தியது நான்தான்.

உச்சிவெயில்வரை ஆறு பேரும் முறைவைத்து எடுத்தோம். ஒருவர் தோளை ஒருவர் இடிக்கவில்லை.

மறுநாள் போனால், பிளந்த வாய்களில் எறும்பு மொய்த்திருந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

“ஒவ்வொருத்தரா வாங்க, எல்லாருக்கும் கிடைக்கும்,” என்றான் தங்கதுரை.

துப்பிவிட்டு, கேமராவோடு போய் மூன்றாவது ஆளாக நின்றேன்.