மூடாத கதவு

விமானத் தாமதங்களைக் கணிக்கும் கணினி நிரலை ஓஸ்லோவில் எழுதியவள் சுன்னிவா. அன்று காலை எல்லா விமானங்களும் நேரத்துக்கே என்றது அது. நார்வேயின் வடக்கே, த்ரோம்சோவில் அவள் அண்ணன் ஐவின் ஏறவேண்டிய விமானத்துக்கு மட்டும் நாற்பத்தொரு நிமிடத் தாமதம், காரணம் எதுவுமில்லை. ஓஸ்லோ மருத்துவமனையில் அவனுக்கென ஒரு சிறுநீரகம் காத்திருந்தது.

ஐவின் போனில் அழைத்தான். “கார் பனியில மாட்டிக்கிச்சு. ஃபிளைட் போயிரும், விடு.”

“போகாதுண்ணா. நாப்பத்தொரு நிமிஷம் லேட். இறங்கி ஓடு!”

“உன் கணக்கு என்னிக்குடி சரியா வந்துச்சு?” சிரித்துக்கொண்டே ஓடினான்.

புறப்படும் நேரம் வந்தும் விமானத்தின் கதவு மூட மறுத்தது. பொறியாளர்கள் தேடியும் கோளாறு கிடைக்கவில்லை. நாற்பதாவது நிமிடத்தில் ஐவின் மூச்சிரைக்க ஏறினான்.

“காத்திருந்தீங்களே, ரொம்ப நன்றிங்க” என்று பணிப்பெண்ணிடம் கண்கலங்கினான்.

“நாங்க யாரும் காத்திருக்கலையே” என்றாள் அவள்.

அவளுக்குப் பின்னால், யாரும் தொடாமலேயே கதவு மெல்ல மூடிக்கொண்டது.