வெட்டாத கல்யாணங்கள்

வீட்டு நெட்வொர்க்கில் மாட்டி வைக்கும் சேமிப்புப் பெட்டி ஒன்று வாங்கப் போயிருந்தேன். போன வருடம் இறந்த என் கணவர் தனிஸ்லாஸ் இருபத்திரண்டு வருடம் எடுத்த கல்யாண வீடியோக்கள் பதினான்கு பழைய ஹார்டு டிஸ்க்குகளில் இருந்தன. அவற்றில் மூன்று இப்போதே திணறுகின்றன. இரண்டு டிஸ்க் போடும் பெட்டி போதும் என்றார் கடைக்காரர் பீர்முகம்மது.

"எடிட் பண்ணினதை மட்டும் வைங்கக்கா. வெட்டாத வீடியோ எதுக்கு? கட்டிக்கிட்டவங்களே திரும்பிப் பாக்க மாட்டாங்க."

நான் நான்கு டிஸ்க் பெட்டியைக் காட்டினேன்.

"விலை ரெட்டிப்புக்கா. ஆமா, அண்ணன் அதுல ஒண்ணுலயாவது இருக்காரா?"

இல்லை. எல்லாக் கல்யாணத்திலும் அவர் கேமராவுக்குப் பின்னால்தான் நின்றார். வெட்டாத வீடியோவில் அவர் குரல் மட்டும் இருக்கும். எடிட் செய்யும்போது அதை நீக்கிவிட்டு நாதஸ்வரத்தைச் சேர்ப்போம். எங்கள் ஸ்டுடியோவில் எடிட் செய்தவள் நான்தான். வேறெங்கும் அவர் குரலை நாங்கள் பதிந்து வைக்கவில்லை. இதைக் கடைக்காரரிடம் சொன்னேன்.

பீர்முகம்மது நான் கொண்டுபோயிருந்த டிஸ்க் ஒன்றைக் கணினியில் மாட்டி ஏதோ ஒரு கல்யாணத்தைத் திறந்தார். மணமேடையில் ஒரே புகை. குனிந்து திரையைப் பார்த்தார்.

"ஆச்சி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. பொண்ணு மொகத்துல நெழல் விழுது," என்றார் தனிஸ்லாஸ்.

பீர்முகம்மது ஓரடி தள்ளி நின்றார்.