திரும்பி வரும் டம்ளர்

செவ்வாய்க் கிரகத்துக்குக் குடிவந்தும் அந்தப் பழக்கம் மட்டும் எங்களை விடவில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் நீட்டுவோம். வந்தவர் இரண்டு கையாலும் வாங்கி, கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மனசு நெறஞ்சிடுச்சு" என்று திருப்பித் தந்துவிடுவார். நான் அதைத் தொட்டியில் ஊற்றி மூடுவேன். அடுத்தவர் வீட்டுப் பங்குத் தண்ணீரை இங்கே யாரும் குடிப்பதில்லை. எத்தனை பேர் கைபட்டதோ அந்த ஒரு டம்ளர் தண்ணீர், எனக்கே அலுத்துவிட்டது.

துளை போடும் இடத்திலிருந்து பக்கத்து வீட்டு இசக்கியப்பன் நேராக வந்தான். குடியிருப்பே நம்பியிருந்த கடைசித் துளை அது. அடியில் பனி இருந்தால்தான் நாங்கள் இங்கே இருக்க முடியும். தலைக்கவசத்தைக் கழற்றி வைத்துவிட்டுச் சுவரோரம் சரிந்து உட்கார்ந்தான். வழக்கம்போல் டம்ளரை நீட்டினேன். வாங்கினான், அண்ணாந்தான், ஒரு சொட்டு விடாமல் குடித்து முடித்தான்.

அவன் முகத்தைப் பார்த்தேன். களைப்பைத் தவிர அதில் ஒன்றும் தெரியவில்லை.

"துளையில என்ன தம்பி?"

வெறும் டம்ளரை என்னிடம் நீட்டினான்.

"இன்னொண்ணு ஊத்துக்கா," என்றான். "நீயும் குடி. அடியில நெறையக் கெடக்கு."