மூன்றாவது பூஜ்யம்

“ஒரே பேப்பர்ல மூணு தடவை முட்டையா? எருமை மாடுகூட இந்நேரம் பாஸ் பண்ணியிருக்கும்!”

தொழிற்கல்லூரி வராந்தாவிலேயே கணவனைப் பிடித்து உலுக்கினாள் மனைவி. ஏ.சி. மெக்கானிக்கான அவன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றான்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. இங்கே மாலை வகுப்பில் படித்துப் பட்டம் வாங்கினால் கம்பெனியில் சூப்பர்வைசர் நாற்காலி. இல்லாவிட்டால், ஒருமுறை உடைந்து ஒட்டிய இடுப்போடு மாடி மாடியாகக் கயிற்றில் தொங்க வேண்டும். இன்னொரு தடவை விழுந்தால் எழுந்திருக்கவே முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

நேராக ஆசிரியர் அறைக்குள் நுழைந்தாள். அவன் பின்னாலேயே போனான்.

“சார், இவரு பேப்பரைக் காட்டுங்க. என்னத்தைக் கிழிச்சிருக்காருன்னு பார்க்கணும்.”

ஆசிரியர் எடுத்து நீட்டினார். பதிவு எண்ணைத் தவிர ஓர் எழுத்துகூட இல்லை.

“அடப்பாவி மனுஷா! எந்த மிஷினைக் கொடுத்தாலும் அக்கக்காப் பிரிச்சு மாட்டுறீங்க. அதைப் பத்தி எழுத ஒரு வரிகூடவா வரல?”

அவன் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தான். பார்க்கிற யாருக்கும் பற்றிக்கொண்டுதான் வரும்.

“போகட்டும் சார். அடுத்த தடவை நானே பக்கத்துல உக்கார்ந்து படிக்க வைக்கிறேன். எப்போ பரீட்சை?”

“இனிமே பரீட்சையே இல்லம்மா. பட்ட வகுப்பை மூடச் சொல்லி நேத்து ஆர்டர் வந்துடுச்சு.”

பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“மூடிட்டா? இவரு எங்க போய் எழுதுவாரு?”

“எங்கயும் முடியாது. பகல்ல வேலைக்குப் போறவங்க பட்டம் வாங்க இருந்த ஒரே இடம் இதுதான்.”

“ஏன் சார் மூடுறாங்க?”

“வகுப்புல பத்துப் பேராவது இருக்கணும், ஒண்ணு குறைஞ்சாலும் மூடிடணும்னு விதி. இந்த வருஷம் அதை இருபதா ஆக்கிட்டாங்க.”

அவள் அழ ஆரம்பித்தாள். அவன் அவள் தோளைத் தொட்டான். தட்டிவிட்டாள்.

“மூணு வருஷமா வகுப்பு நடந்துச்சே சார்! இவருக்குப் பின்னால வந்தவங்கல்லாம் பட்டத்தோட போனாங்களே! இந்த மனுஷனுக்கு மட்டும் என்ன கேடு?”

ஆசிரியர் வருகைப் பதிவேட்டை எடுத்து அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

“எண்ணிப் பாரும்மா. மூணு வருஷமும், வருஷத்துக்குப் பத்தே பேர்தான். இவரையும் சேர்த்து.”